நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் ஃபியூனரல் ஹோம்: அந்தப் பரிவு நிஜமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து உங்களைப் பார்க்க வந்த அப்பா, அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில், உங்கள் வீட்டிலேயே தூக்கத்தில் போய்விட்டார். போலீஸும், மரணத்தை விசாரிக்கும் அதிகாரியான கரோனரின் ஆபீஸும் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, விடிகாலை மூன்று மணிக்கு, இறந்தவரை எடுத்துப் போய் இறுதிக் காரியங்களுக்கு ஏற்பாடு செய்யும் உள்ளூர் ஃபியூனரல் ஹோமிலிருந்து கோட்டும் டையுமாக இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவின் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அறைக்குள் போனார்கள். அந்த இடத்தை நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. 'உங்கள் குடும்பத்தை எங்கள் குடும்பமாகப் பார்க்கிறோம்' என்று வாசலில் எழுதியிருக்கிறது. சாவை வைத்து ஒரு தொழில் எப்படி நாலு தலைமுறை ஓடுகிறது, அந்தப் பரிவு நிஜமா, பில்லுக்கு முன்னால் வரும் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், 'வண்டி கிளம்பும்போது நான் கூடப் போகவில்லை' என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் கையில் அப்பாவைக் கொடுத்தது சரியா?

நான் மேற்குப் பென்சில்வேனியாவில் உரிமம் பெற்ற ஃபியூனரல் டைரக்டர். பிட்ஸ்பர்க்கில் படித்து, ஓராண்டு பயிற்சி முடித்து, பதினாறு வருடமாக ஒரே குடும்பத்தின் கீழ் வேலை பார்க்கிறேன். அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை, சம்பளத்துக்கு இருப்பவன். அதனால் உள்ளே நடப்பதும் தெரியும், அதை ஒட்டாமல் பார்க்கவும் முடியும். ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பழக்கமானவை இரும்பாலையும் நிலக்கரியும் போன பிறகு சுருங்கிப்போன சின்ன ஊர்கள். கலிபோர்னியாவின் பெருநகரங்களுக்கோ டெக்சஸுக்கோ நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, ஃபியூனரல் ஹோமுக்கு இலங்கைத் தமிழர்கள் மலர்ச்சாலை என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

இது குடும்பத் தொழிலாக ஆனதற்குக் காரணம் மரம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கேயும் நம் ஊர் மாதிரிதான். உயிர் போனால் வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உடலைக் குளிப்பாட்டி, துணி உடுத்தி, முன்னறையில் கிடத்துவார்கள். வெளியாளிடம் கேட்க வேண்டியிருந்தவை இரண்டுதான். ஒன்று பெட்டி, இன்னொன்று வண்டி. பெட்டிக்கு ஊர்த் தச்சரிடம் போவார்கள். மேசை நாற்காலி செய்கிறவர்தான் சவப்பெட்டியும் செய்வார். வண்டிக்குக் குதிரை லாயக்காரர். இன்று 'நாலாவது தலைமுறை', 'ஐந்தாவது தலைமுறை' என்று போர்டு வைத்திருக்கும் சிற்றூர் மலர்ச்சாலைகளில் எத்தனையோ இப்படித் தச்சுப்பட்டறையிலோ லாயத்திலோ பிறந்தவை. எங்கள் இடத்தின் அலமாரியில் முதல் தலைமுறையின் கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஒரே பக்கத்தில், ஒரே கையெழுத்தில், ஒரு தொட்டில், ஆறு நாற்காலி, ஒரு சவப்பெட்டி. மூன்றும் ஒரே குடும்பத்தின் பெயரில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் இந்தத் தொழில் எங்கே நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. தொட்டில் செய்து கொடுத்தவர் அதே வீட்டுக்குப் பெட்டியும் செய்து கொடுக்கிறார். அவர் யாரிடம் அதிக விலை சொல்ல முடியும்?

தச்சர் எப்போது உடலைத் தொடுகிறவராக மாறினார் என்பதற்கும் தெளிவான பதில் உண்டு. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. வடக்கிலிருந்து போன பிள்ளைகள் தெற்கில் செத்தார்கள். உடலை ரயிலில் ஏற்றி நூற்றுக்கணக்கான மைல் கொண்டுவர வேண்டும் என்றால் அது கெடாமல் இருக்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் சுட்டுக் கொல்லப்பட்ட வடக்குப் படையின் கர்னல் எல்மர் எல்ஸ்வொர்த்தின் உடலை தாமஸ் ஹோம்ஸ் என்ற மருத்துவர் ரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றிப் பதப்படுத்தினார். நாடே அதைப் பேசியது. போர் முடிவதற்குள் 4,000க்கும் மேற்பட்ட வீரர்களைப் பதப்படுத்தியதாக ஹோம்ஸ் சொல்வார். அது அவரே சொன்ன கணக்கு என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். ஆனால் 1865இல் நடந்தது சந்தேகத்துக்கு இடமில்லாதது. சுட்டுக் கொல்லப்பட்ட லிங்கனின் உடலை வாஷிங்டனிலிருந்து இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டு வரை, ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், ஏப்ரல் 21 முதல் மே 3 வரை ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். லட்சக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று முகம் பார்த்தார்கள். அதன்பின் சாதாரணக் குடும்பங்களும் 'கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டும்' என்று கேட்க ஆரம்பித்தன. தச்சர் தன் மகனைப் படிக்க அனுப்பினார். 1882இல் சின்சினாட்டியில் இதற்கென்றே பள்ளி வந்தது. அதே ஆண்டு ரோசெஸ்டரில் தேசிய அளவில் சங்கமும் வந்தது. தந்தை செய்த தச்சு வேலையும் மகன் கற்ற பதப்படுத்தலும் ஒரே கூரைக்கு அடியில் வந்தபோதுதான் இன்றைய மலர்ச்சாலை உருவானது.

அப்புறம் அந்தக் கூரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டு முன்னறையில் உடல் வைக்கும் வழக்கம் குறைந்தபோது, ஊரிலேயே பெரிய வீடாகப் பார்த்து வாங்கி, கீழ்த்தளத்தை மக்களுக்கு விட்டுவிட்டு, மாடியில் தங்கள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். 'ஹோம்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. எங்கள் பெரியவர், அதாவது மூன்றாம் தலைமுறை முதலாளி, அந்த மாடியில் வளர்ந்தவர். கீழே ஆட்கள் வந்திருந்தால் பிள்ளைகள் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். வறுத்த மணம் படிக்கட்டு வழியாக இறங்கக் கூடாது என்பதால் அன்றைக்குச் சமையலில் வெங்காயம் கிடையாது. ரேடியோ கிடையாது. இரவு உணவு பாதியில் நிற்கும். கிறிஸ்துமஸ் அன்று அப்பா எழுந்து போவார். அவர் இதையெல்லாம் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பரிவு என்று நீங்கள் கேட்டது இப்படித்தான் அந்தக் குடும்பங்களுக்குள் போகிறது. யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில்லை. துக்கம் நடக்கும் வீட்டின் மாடியில் குழந்தை வளர்ந்தால், மற்றவர் துக்கத்துக்கு இடம் விட்டு நடக்க அதன் கால் பழகிவிடும்.

இளைய தலைமுறைக்கே மறந்துபோன ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். 1970கள் வரை சின்ன ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியதும் இவர்கள்தான். படுத்தபடி ஓர் ஆளை ஏற்றக்கூடிய நீளமான வண்டி ஊரில் அவர்களிடம் மட்டும்தான் இருந்தது. 1966இல் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை 12,000 மலர்ச்சாலைக்காரர்கள் நடத்துவதாகச் சொல்கிறது. பெரும்பாலும் முதலுதவிப் பயிற்சி இல்லாதவர்கள். பிழைக்கக்கூடியவர்கள் வழியிலேயே செத்தார்கள் என்பது அந்த அறிக்கை எழுப்பிய வேதனை, அது நியாயமானது. அதன் பிறகு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்கள் வந்தார்கள், மலர்ச்சாலைகள் அந்த வேலையை விட்டன. ஆனால் ராத்திரி போன் அடித்தால் இரண்டாவது ரிங்குக்குள் எடுக்க வேண்டும் என்ற பழக்கம் போகவில்லை. உங்கள் வீட்டுக்கு மூன்று மணிக்கு வந்தவர்கள் கோட்டு போட்டிருந்தார்கள் என்றீர்களே. கோட்டும் சட்டையும் டையும் கட்டிலுக்குப் பக்கத்தில், போட்டுக்கொள்ளும் வரிசையிலேயே தொங்கும். என் வீட்டிலும் அப்படித்தான். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி நாம் நிற்கக் கூடாது, இவர்களுடைய அப்பா நமக்கு அவசரத்தில் செய்யும் வேலை இல்லை என்பது பெரியவர் எனக்கு முதல் வாரம் சொன்னது.

பெயர் கேட்டதும் அந்த வகைதான். அறைக்குள் போனதும் அவர்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி, இப்போது உங்களைத் தூக்கப் போகிறோம் என்று மெதுவாகச் சொல்லியிருப்பார்கள். எல்லா இடத்திலும் இது நடக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் பழகிய குடும்பங்களில் நடக்கிறது. கேட்க யாரும் இல்லாத பதப்படுத்தும் அறையிலும் நடக்கிறது. உடலை மூடியபடியே குளிப்பாட்டுவது, எந்தப் பகுதியைக் கழுவுகிறோமோ அதை மட்டும் திறப்பது, போட்டோவைப் பார்த்து வகிடு எந்தப் பக்கம் என்று சரிபார்ப்பது, இதெல்லாம் யாரும் வந்து சோதிக்காத வேலை. சோதிக்காத இடத்திலும் ஒருவர் செய்கிறார் என்றால் அதைப் பரிவு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நீங்கள் வண்டியில் கூடப் போகாதது குற்றமே இல்லை. அந்த நேரத்தில் எல்லாக் குடும்பங்களும் வாசலில்தான் நிற்கின்றன. அங்கிருந்து எடுத்துப் போவதுதான் எங்கள் வேலை.

ஒரு தவறைச் சொல்லித்தான் இந்த மனிதர்களைப் பற்றி நான் மேலே பேச முடியும். நான் சேர்ந்து சில வருடம் ஆனபோது ஒரு குஜராத்திக் குடும்பம் வந்தது. எரியூட்டிய பிறகு எலும்புத் துண்டுகளை அரைக்காமல் அப்படியே வேண்டும், நாங்கள் கையால் பொறுக்கிச் சடங்கு செய்வோம் என்று கேட்டார்கள். இங்கே வழக்கமாக, எரிந்து முடிந்ததும் எலும்பை ஒரு இயந்திரத்தில் போட்டுப் பொடியாக்கித்தான் தருவார்கள். அரைக்க வேண்டாம் என்று நான் குறித்து வைத்த தாள் கோப்பிலேயே தங்கிவிட்டது, தகன இடத்துக்குப் போகவில்லை. அரைத்துவிட்டார்கள். குடும்பத்துக்கு அது தெரிந்திருக்காது. பெட்டியைத் திறந்து பார்த்தாலும், இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். பெரியவர் என்னைத் திட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, நாற்பது மைல் ஓட்டி அவர்கள் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். அந்தம்மா அழுதார், மகன் கத்தினார். பெரியவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து அந்த அம்மா இறந்தபோது, அதே மகன் எங்களைத்தான் கூப்பிட்டார். அன்று பெரியவருக்கு உடம்பு சரியில்லை. ஆனாலும் எழுந்து வந்தார். அந்தத் தடவை தகன இடத்துக்கான தாளை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்து, முடியும் வரை அங்கேயே நின்றேன்.

இதைக் கேட்டதும், அப்படியானால் குடும்பம் நடத்தினாலே நல்லதுதான் என்று தோன்றும். அப்படி இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். 2002 பிப்ரவரியில் ஜார்ஜியாவின் நோபிள் என்ற சிற்றூரில் ஒரு தகனக் கூடத்தின் நிலத்தில் எரிக்காமல் விடப்பட்ட 334 உடல்கள் கிடைத்தன. குடும்பங்களுக்குச் சாம்பல் என்று சிமென்ட் தூள் போயிருந்தது. அதுவும் அப்பா தொடங்கி மகன் கையில் வந்த குடும்பத் தொழில்தான், ஊரில் மதிப்புள்ள குடும்பம்தான். 2023இல் கொலராடோவின் பென்ரோஸில் ஒரு தம்பதி நடத்திய இடத்தில் ஏறத்தாழ 190 உடல்கள் அழுகிய நிலையில் இருந்தன. அந்த மாநிலத்தில் அப்போது இந்த வேலைக்கு உரிமமே தேவைப்படவில்லை. 2024இல்தான் சட்டம் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் சந்தேகப்படாததற்குக் காரணம் நம்பிக்கை. நம்பிக்கை இருக்கும் இடத்தில் யாரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. சிற்றூரின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். எங்கள் மாநிலத்தில் மலர்ச்சாலைக்காரரே தேர்தலில் நின்று மாவட்டக் கரோனர் ஆவது உண்டு. மரணத்தை விசாரிப்பவரும் உடலை வாங்கிக்கொள்பவரும் ஒருவரே என்பது எனக்கு உடன்பாடில்லாத ஏற்பாடு. உங்கள் ஒஹையோவில் கரோனர் மருத்துவராக இருக்க வேண்டும் என்று சட்டம், அது மேல்.

போர்டில் இருக்கும் பெயரும் எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. ஹூஸ்டனில் 1962இல் தொடங்கிய சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல் போன்ற பெரிய கம்பெனிகள் ஊர் ஊராக மலர்ச்சாலைகளை வாங்கின. வாங்கிய பிறகும் பழைய குடும்பப் பெயரையே வாசலில் விட்டுவைப்பார்கள். பெயருக்குத்தானே விலை கொடுத்தது? இந்த வேட்டையில் கனடாவின் லோவன் குழுமத்தின் கதையை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அதை நடத்திய ரே லோவன், மனிடோபாவின் ஸ்டைன்பாக் என்ற சிற்றூரில் அப்பாவின் மலர்ச்சாலையை ஏற்று நடத்தியவர். அப்படிப்பட்ட குடும்பத்தின் மகனே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலர்ச்சாலைகளைச் சேர்த்தார். மிசிசிப்பியின் பிலாக்சியில் குடும்பத் தொழில் நடத்திவந்த ஜெரமையா ஓகீஃப், ஒரு ஒப்பந்தத் தகராறில் அவர்மேல் வழக்குப் போட்டார். தகராறு சில மில்லியன் டாலர் பற்றியது. 1995 நவம்பரில் ஜூரி 500 மில்லியன் டாலர் தீர்ப்பு சொன்னது. அடுத்த ஆண்டு 175 மில்லியனுக்குச் சமாதானம் ஆனார்கள். 1999இல் லோவன் குழுமம் திவால். ஜூரிக்குக் கோபம் வந்ததற்கு, ஊர்க் குடும்பம் ஒன்றை நசுக்கப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் உணர்ந்தது பெரிய காரணம் என்றுதான் நான் படித்த வரையில் தோன்றுகிறது. நாட்டில் இன்றும் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட மலர்ச்சாலைகள் தனியார் கையிலும் குடும்பங்கள் கையிலும்தான் இருக்கின்றன. உங்கள் ஊரில் உள்ளது எது என்று தெரிய வேண்டுமானால், 'இதன் உரிமையாளர் யார்?' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

இந்த வரலாற்றில் கறுப்பின மக்களின் மலர்ச்சாலைகளைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். வெள்ளையர் நடத்தும் இடத்தில் முன்வாசல் வழியே வர அனுமதி இல்லாத காலத்தில், தங்கள் இறந்தோரைத் தாங்களே கௌரவமாக அனுப்ப அவர்கள் கட்டிய தொழில் அது. வெள்ளையரின் பணத்தை நம்பி இல்லாததால் அந்த முதலாளிகளால் துணிந்து நிற்க முடிந்தது. 1955இல் மிசிசிப்பியில் அடித்துக் கொல்லப்பட்ட பதினான்கு வயது எம்மெட் டில்லின் உடல் மூடி முத்திரையிட்ட பெட்டியில் சிகாகோ வந்தது. தாய் மேமி டில் திறக்கச் சொன்னார். ரேனர் மலர்ச்சாலை திறந்தது. மகனுக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்று அவர் பெட்டியைத் திறந்தே வைத்தார், உலகம் பார்த்தது. ஒரு மலர்ச்சாலைக்கு 'பண்பு' என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன்.

இங்கே எனக்கு நம் ஊர் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. இதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த குடும்பங்கள் நம்மிடமும் உண்டு. குழி வெட்டியவர், விறகு அடுக்கியவர், ராத்திரி முழுக்கச் சுடுகாட்டில் இருந்து உடல் முழுசாக வேகும் வரை பார்த்துக்கொண்டவர், பறை அடித்தவர், சங்கு ஊதியவர். அவர்களுக்கு நாம் கொடுத்தது ஊருக்கு வெளியே ஒரு தெருவும் கூலியும். இங்கே அந்த வேலை செய்பவர் ஊர்ச் சங்கத்தின் தலைவராகவும் பள்ளிக் குழுவிலும் இருக்கிறார், அவர் மகள் அதே வேலையைப் பெருமையாகப் படித்துவிட்டு வருகிறாள். வேலை ஒன்றுதான். உடலைத் தொட்டவரைத் தீட்டு என்று ஒதுக்கியது நாம். என் தாத்தா இறந்தபோது சுடுகாட்டில் நின்றவரின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். 1984 முதல் மத்திய வணிக ஆணையத்தின் விதி ஒன்று நாடு முழுவதும் அமலில் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைக் கையில் கொடுத்தாக வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்லியாக வேண்டும். பெட்டியை வேறு எங்கே வாங்கினாலும் மறுக்கக் கூடாது, அதற்கென்று தனிக் கட்டணமும் போடக் கூடாது. தட்ட முடியாதது அடிப்படைச் சேவைக் கட்டணம் ஒன்றுதான். பதப்படுத்துவது எல்லா மரணத்துக்கும் கட்டாயம் என்று எந்த மாநிலச் சட்டமும் சொல்லவில்லை. அது பொதுச் சுகாதாரத்துக்குத் தேவை என்ற பேச்சை எங்கள் தொழிலில் இன்னும் சிலர் சொல்வார்கள். சாதாரண மரணங்களில் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை, குளிர்பெட்டி போதும். உடலை இந்தியாவுக்கு விமானத்தில் அனுப்புவதென்றால் கதை வேறு, அங்கே பதப்படுத்திய சான்றிதழ் கேட்பார்கள். தேசியச் சங்கத்தின் 2023 கணக்குப்படி, பார்வைக்கு வைத்து அடக்கம் செய்ய இடைநிலைச் செலவு 8,300 டாலர், பார்வைக்கு வைத்து எரியூட்ட 6,280. சடங்கு எதுவும் இல்லாமல் நேரடியாக எரியூட்டினால் அதைவிட வெகுவாகக் குறையும். உங்கள் பில்லை வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்காமலே அவர்கள் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், பதப்படுத்த வேண்டாம் என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை. வாசலில் எழுதிய வாசகத்தைவிட எனக்கு அது பெரிய சாட்சி.

எரியூட்டல் நமக்குப் பழகியது, இங்கே அது புதிது. இந்த நாட்டின் முதல் நவீனத் தகனக் கூடம் எங்கள் பக்கத்தில்தான், பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே வாஷிங்டன் என்ற சின்ன ஊரில். ஃபிரான்சிஸ் லமோய்ன் என்ற மருத்துவர் தன் சொந்த நிலத்தில் கட்டினார். கட்டடம் இன்றும் இருக்கிறது. 1876 டிசம்பர் 6 அன்று அங்கே முதலில் எரியூட்டப்பட்டவர் பாரன் டி பாம், பிரம்மஞான சபைக்காரர். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார் தெரியுமா? கர்னல் ஆல்காட். பின்னால் சென்னை அடையாறில் சபையின் தலைமையகத்தை அமைத்து, 1907இல் அங்கேயே இறந்து, அங்கேயே எரியூட்டப்பட்ட அதே ஆல்காட். பென்சில்வேனியாவின் முதல் தகன நெருப்புக்கும் அடையாறு ஆற்றங்கரைக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது எனக்கு எப்போதும் மனதுக்கு நெருக்கமான விஷயம். அன்று ஊரே எதிர்த்தது. 1970 வாக்கில்கூட நூற்றுக்கு ஐந்து பேர்தான் எரியூட்டப்பட்டார்கள். 2016இல் பாதியைத் தாண்டியது, இப்போது அறுபதுக்கு மேல். பெட்டி விற்று வாழ்ந்த சின்ன மலர்ச்சாலைகளுக்கு இது பெரிய அடி. பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விட, வாங்க ஆளில்லாமல் மூடிய இடங்கள் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. இன்னொரு பக்கம், இப்போது இந்தப் படிப்புக்கு வருபவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். எங்கள் இடத்தையும் பெரியவரின் மகள்தான் நடத்துகிறார். அந்தக் காலத்தில் குளிப்பாட்டிய பெண்களிடமே வேலை திரும்பி வருகிறது என்று அவர் சொல்வார்.

கடைசியாக, அஸ்தியைத் தாமிரபரணிக்குக் கொண்டுபோகப் போவதாக எழுதியிருந்தீர்கள். விமானத்தில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உலோகச் செம்பு வேண்டாம், எக்ஸ்ரே ஊடுருவாது, சோதனையில் நிறுத்திவிடுவார்கள். மரப்பெட்டியோ அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியோ போதும். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் இரண்டையும் கூடவே வையுங்கள். கிளம்புவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து, சாம்பல் பையின் வாய்க்கட்டைப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமான உலோகத் தகடு ஒன்று அங்கேயோ பைக்குள்ளேயோ இருக்கும். அதில் ஒரு எண் பொறித்திருக்கும். அது அப்பாவோடு நெருப்புக்குள் போய், அப்பாவோடு வெளியே வந்த தகடு. அந்த எண்ணும் தகனச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள். ஆற்றில் சாம்பலைக் கரைக்கும்போது தகட்டை விட்டுவிடாதீர்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணில் ஏதாவது சந்தேகம் என்றால், எந்த நேரமாக இருந்தாலும் அந்த மலர்ச்சாலைக்கு போன் செய்யுங்கள். எடுப்பார்கள்.